வடக்கு பார்த்த வீடு

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஒட்டுக் கேக்கல. எல்லாரும் வாயை மூடிக்கிட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டு வர்ற பஸ்ல ஒருத்தர் தமிழ்ல, "வேணாம்மா, அது தெற்கு"ன்னு சொன்னா காது தானாத் திரும்பிடுது. வீடு பாக்குறீங்களா? அதானே. அம்மாகிட்டயா பேசுனீங்க? சரி, சரி. இப்படி நகந்து உக்காருங்க, அந்த அம்மா குழந்தை வண்டி வைக்கணும்.

அந்த வீட்டை வேணாம்னு சொல்லிடாதீங்க. இன்னும் சொல்லலல்ல? நல்லவேளை.

என் பேரு தாமோதரன். இங்க ஒரு பேங்க்ல டெஸ்டிங். இந்த டச்சுக்காரங்க ஊருக்கு, ஆம்ஸ்டல்வீனுக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. ஊரு நீடாமங்கலம் பக்கம். இப்ப ஏர்போர்ட்டுக்குப் போறேன், மாமனார் வர்றாரு. அவரு ரிட்டயர்டு சர்வேயர். மன்னார்குடி தாலுக்கா முழுக்கச் சங்கிலி போட்டு அளந்தவரு. ஒரு தெருவுல வந்து நின்னார்னா வெயில் இல்லாமலே திசை சொல்லிடுவாரு. அதுதான் தம்பி இப்ப எனக்குப் பிரச்சினை. நாலு வருஷமா நான் ஒரு விஷயத்தை என் பொண்டாட்டிகிட்ட மறைச்சு வச்சிருக்கேன். இந்த மனுஷன் வந்து ஒரே நிமிஷத்துல போட்டு உடைச்சிடுவாரு.

இல்லல்ல, நீங்க நினைக்கிற மாதிரி விஷயம் இல்ல. வீட்டு விஷயம்தான். உங்களுக்கும் உபயோகப்படும், கேளுங்க.

முதல் மூணு வருஷம் நாங்க மூணாவது மாடியில வாடகைக்கு இருந்தோம். ஜன்னலைத் திறந்தா எதிர்ல கார் நிறுத்துற கட்டடம். மங்கை, என் சம்சாரம், மங்கையர்க்கரசி, ஊர்ல கணக்கு டீச்சரா இருந்தவ. இங்க வந்து அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து கார் எண்ணிக்கிட்டு இருந்தா. முதல் குளிர்காலம் சமாளிச்சா. ரெண்டாவதுல முடியல. பேச்சு கொறைஞ்சுபோச்சு. டாக்டர் மாத்திரை குடுத்தாரு. ஒரு விளக்கு வாங்கி மூஞ்சிக்கு நேரா வச்சுக்கச் சொன்னாரு. காலையில அவ அந்த விளக்கு முன்னாடி உக்காந்திருப்பா, நான் பாக்காத மாதிரி ஆபீஸ் கெளம்பிடுவேன். அந்தக் குளிர் முடிஞ்சு ஒருநாள் சொன்னா, "என்னங்க, நாம வீடு வாங்கினா எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். வெயில் படுற மாதிரி உக்கார ஒரு இடம். இன்னொரு குளிர்காலம் இப்படின்னா நான் அப்பாகிட்டப் போயிடுவேங்க." சண்டை போட்டுச் சொல்லல தம்பி. சாதாரணமாச் சொன்னா. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

அன்னைக்கே தேட ஆரம்பிச்சேன். ஆம்ஸ்டல்வீன்ல நல்ல ஏரியாவாத் தேடினேன். மரம் இருக்கணும், வாய்க்கால் இருக்கணும், அஞ்சு நிமிஷத்துல பஸ், பத்து நிமிஷத்துல டிராம். அதெல்லாம் இந்த ஊர்ல பிரச்சினையே இல்ல. பிரச்சினை என் தலைக்குள்ளதான் இருந்துச்சு.

ஒவ்வொரு விளம்பரத்துலயும் திசை போட்டிருப்பான், பாத்திருப்பீங்க. 'தோட்டம், தெற்கு'. நம்ம ஊர்ல வீட்டுக்குத் திசைன்னா எது? வாசல். தோட்டத்துக்கு எவனாவது திசை எழுதுவானா? நானும் வீட்டைத்தான் அப்படிச் சொல்றான்னு எடுத்துக்கிட்டேன். தெற்குன்னு பாத்தேனா, மூடிடுவேன். எமன் திசை. தெற்கு வாசல் வீட்டுல எங்க சித்தப்பா ஒருத்தர் குடியிருந்து அவர் பட்ட பாடு எங்க சொந்தத்துக்கே தெரியும். அவரு சீட்டாடித் தொலைச்சாரு, அது வேற விஷயம். ஆனாப் பழி வாசல் மேலதான்.

எட்டு மாசத்துல பத்தொம்பது வீடு ஒதுக்கினேன் தம்பி. பத்தொம்பது! சிலதை நேர்ல போய்ப் பாத்துட்டு ஒதுக்கினேன். ஒரு வீட்டுல பின்னாடி தோட்டத்துல வெயில் அப்படியே கொட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. மங்கை செருப்பைக் கழட்டிட்டு அந்தப் புல்லுல நின்னா. கண்ணை மூடிக்கிட்டு நின்னா. நான் போய் அவ தோளைத் தட்டி, "வா போலாம், இது தெற்கு"ன்னு கூட்டிட்டு வந்தேன். டிராம்ல வரும்போது, "ஏங்க, வாசல் எந்தப் பக்கம்னு பாத்தீங்களா"ன்னு கேட்டா. "அதான் விளம்பரத்துலயே போட்டிருக்கானே"ன்னேன். அவளுக்கு இந்தத் திசையெல்லாம் பிடிபடாது தம்பி. சின்ன வயசுல அப்பா கூட வயக்காட்டுல சர்வே கொடி பிடிச்சுக்கிட்டு அலைஞ்சவதான். ஆனா பொம்பளப் பிள்ளைங்களுக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போகுது.

கிழக்கு, மேற்குன்னு போட்டிருந்த வீடு நாலுக்கு விலை கேட்டேன். இங்க எப்படின்னு தெரியுமில்ல? அடுத்தவன் எவ்வளவு கேட்டிருக்கான்னு சொல்லமாட்டான். ஒரே ஒரு தொகையை எழுதி மூடிக் குடுத்துடணும். நான் ஒவ்வொரு தடவையும் கடைசியில ஒரு யூரோ சேத்து எழுதினேன், மொய் எழுதுற மாதிரி. வீட்டு ஏஜென்ட் ஒரு பொம்பள, பேரு மரைக்க, கூப்பிட்டே கேட்டா, "இந்த ஒரு யூரோ எதுக்கு?" மங்களம்னு எப்படி விளக்குறது? "அதிர்ஷ்டம்"னேன். நாலுலயும் தோத்தேன்.

அப்பதான் ஒருநாள் அந்த விளம்பரம் வந்துச்சு. 'தோட்டம், வடக்கு'. வடக்கு! குபேரன் திசை! ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல எந்திரிச்சுட்டேன்.

பிப்ரவரி மாசம் போய்ப் பாத்தோம். வானம் பூரா மேகம், சூரியன் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல. மரைக்க சைக்கிள்ல வந்ததால எங்களைப் பின்பக்கச் சந்து வழியாக் கூட்டிட்டுப் போனா. இங்க வரிசை வீடுங்கள்ல அப்படித்தானே, சைக்கிள் கொட்டகை பின்னாடி, சின்னக் கேட்டு, தோட்டம், அடுப்படிக் கதவு. எல்லாரும் அந்த வழியாத்தான் வந்து போறாங்க. நான் போனை எடுத்துக் காம்பஸைத் தேடிக்கிட்டு நிக்கிறேன். மங்கை வந்து என் கையைப் பிடிச்சு அந்தப் பின் கேட்டுகிட்ட கொண்டு போய் நிறுத்தினா. "இங்க நின்னு வெளியப் பாத்துப் பிடிங்க"ன்னா. பிடிச்சேன். முள்ளு நேரா வடக்கு. தம்பி, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

"முன்னாடி ஒரு கதவு இருக்கே?"ன்னு ஒரு சந்தேகத்துக்குக் கேட்டேன். "எல்லாரும் பின்னாடிதான் வந்து போறாங்களாம்"ன்னா மங்கை. முன் கதவுல தபால் போடுற ஓட்டை வேற இருந்துச்சு. சரி, அது தபால்காரனுக்குன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் அவ முன்ரூம் ஜன்னல்கிட்ட நின்னு மரைக்க கூட டச்சுல பத்து நிமிஷம் பேசினா. லைப்ரரியில கிளாஸ் போயிக்கிட்டு இருந்தா அப்ப. கையைத் தூக்கி இங்கேருந்து அங்க வரைக்கும் வில்லு மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டினா, மரைக்க 'யா, யா'ன்னு தலையாட்டினா. என்ன பேசினீங்கன்னு கேட்டேன். கர்ட்டன் பத்தின்னா. பொம்பளைங்க பாருங்க, வீடே இன்னும் கைக்கு வரல, அதுக்குள்ள கர்ட்டன்.

விலை கேட்டேன். சொன்ன விலைக்குக் கம்மியாவே கேட்டேன், ஒரு யூரோ சேத்து. மறுநாளே போன். வீடு உங்களுக்குத்தான்!

நான் ஆடின ஆட்டத்தை என்னன்னு சொல்வேன். இந்த நாட்டுல சொன்ன விலைக்குக் கம்மியா வீடு வாங்கின ஒரே தமிழன் நான்தான்னு வாட்ஸப் குரூப் எல்லாத்துலயும் போட்டேன். பொங்கல் விழாவுல என்னைப் பேசக் கூப்பிட்டாங்க. போனேனே! படமெல்லாம் போட்டு நாப்பது நிமிஷம் பேசினேன், வீட்டு ஏலத்துல ஜெயிக்கிறது எப்படின்னு. 'வடக்கைத் தேடுங்கள்'னு பெரிய எழுத்துல போட்டேன். ரெண்டு குடும்பம் அதைக் கேட்டு வடக்குத் தோட்டமாவே தேடி வாங்கிட்டாங்க. இப்ப கடையில என்னைப் பாத்தா வெங்காயத்தை ரொம்ப நேரம் பொறுக்குறாங்க.

அட, கதையை முன்னப்பின்ன சொல்லிட்டேன். அந்தப் பேச்சு நடந்தப்ப எனக்கு உண்மை தெரியும். தெரிஞ்சேதான் பேசினேன். ஒத்துக்கிட்ட கூட்டத்துல எப்படிப் பின்வாங்குறது?

உண்மை தெரிஞ்சது பால் காய்ச்சின அன்னைக்கு. மே மாசம் சாவி கைக்கு வந்துச்சு. ஊர்ல நல்ல நேரம் குறிச்சு வாங்கி, அதை இந்த ஊர் நேரத்துக்கு மாத்தி, காலையில ஆறே முக்காலுக்குக் கெளம்பினோம். நான் பட்டு வேட்டி. கையில சாமி படம். மங்கை கையில பால் சட்டி. சந்து வழியா, எட்டு வீட்டுக் குப்பைத் தொட்டியைத் தாண்டி, பின் கேட்டுக்கு மாவிலை கட்டி, கேட்டுக்கு வெளிய கோலம் போட்டு, வலது காலை எடுத்து வச்சு உள்ள போனோம். கோலத்து மேல ஒருத்தன் சைக்கிள்ல போனான். மாவு டயர்ல ஒட்டி அவன் போற வழியெல்லாம் புள்ளி வச்சுக்கிட்டே போச்சு.

பால் பொங்கிடுச்சு. எல்லாம் முடிஞ்சு நான் கேட்டுல சாஞ்சு நின்னு பெருமையா மாவிலையைப் பாத்துக்கிட்டு இருக்கேன். பக்கத்து வீட்டுக் கெழவர் ஹென்க் கொட்டகையிலேருந்து வெளிய வந்தாரு. கை குடுத்தாரு. "உங்க சாமி ஏன் பின்பக்கமா வருது?"ன்னு கேட்டாரு. நக்கல் இல்ல தம்பி, நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு. "இதுதானே வாசல்?"னேன். "வாசல் அந்தப் பக்கம். வீட்டு நம்பர் அங்கதானே இருக்கு"ன்னாரு. அப்புறம், "வடக்குத் தோட்டத்தைத் தைரியமா வாங்கியிருக்கீங்க. நாலு மாசமா ஒருத்தரும் சீந்தல. வெயிலே வராதே"ன்னாரு.

எனக்கு உடனே புரியல. அவர்தான் பொறுமையாச் சொன்னாரு. இங்க எழுதுறது தோட்டத்தோட திசை. தெற்குத் தோட்டம்னா நாள் முழுக்க வெயில், அதுக்குத்தான் அடிச்சுக்குவாங்க. தோட்டம் தெற்குன்னா வாசல் வடக்கு. தோட்டம் வடக்குன்னா...

கணக்குப் போட்டுப் பாருங்க தம்பி. நான் ஒதுக்கின பத்தொம்பதும் வடக்கு வாசல். கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கினது தெற்கு வாசல். பட்டு வேட்டியோட அந்தச் சந்துல உக்காந்துட்டேன். வாசலை விடுங்க. அவ கேட்டது ஒரே ஒரு வெயில். ஊர்ல இருக்கிற வெயில் தோட்டத்தை எல்லாம் நானே ஒதுக்கிட்டு, நிழலைத் தேடிப் பிடிச்சு வாங்கிக் குடுத்திருக்கேன். என்னை மாதிரி ஒரு மடையன் உண்டா?

சொல்லிடலாம்னு உள்ள போனேன். அவ டம்ளர்ல பாலை ஊத்தி நீட்டினா. அவ மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம். எப்படிச் சொல்வேன்? சரி, இது நம்மளோட போகட்டும்னு முடிவு பண்ணிட்டேன்.

இந்த ஸ்டாப்புல இறங்கணுமா நீங்க? இல்லையா, நல்லது.

அதுக்கப்புறம் நாலு வருஷம் தம்பி, நான் பட்ட பாடு. தோட்டத்துல பாசி பிடிக்குது. கொத்தமல்லி போட்டா வெளுத்துப்போய் நிக்குது. தவளை மட்டும் நல்லா வளருது. நான் விடாம உரம் போடுறேன். மங்கை ஒரு தடவை கூட ஏன்னு கேக்கல. அவ குடி வந்த ரெண்டாவது வாரமே முன்பக்கம், அந்தத் தபால் கதவுக்குப் பக்கத்துல, ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டுட்டா. நாலு தொட்டி, மிளகாய், தக்காளி, ஒரு மல்லிச் செடி. காலையில பத்து மணிக்குப் போய் உக்காந்தான்னா சாயங்காலம் வரைக்கும் அங்க வெயில். அங்க உக்காந்தே டச்சு பேசப் படிச்சா, நாய் கூட்டிட்டுப் போறவங்க எல்லாம் நின்னு பேசிட்டுப் போவாங்க. தெருப் பிள்ளைங்க கணக்கு நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. இப்ப பக்கத்து ஸ்கூல்லயே வேலை. அந்த விளக்கு? மேல பரண்ல கிடக்கு. குளிர்காலத்துலயும் சட்டுனு ஒருநாள் வெயில் அடிச்சா கம்பளியைப் போத்திக்கிட்டு அங்கதான் இருப்பா.

எனக்கு அதுவும் பயம். ஏன்னா, அங்க உக்காந்து சூரியனைப் பாத்துக்கிட்டே இருந்தா என்னைக்காவது அவளுக்குத் திசை புரிஞ்சுடுமே! அதனால நான் முந்திக்கிட்டேன். ஒருநாள் சொன்னேன், "மங்கை, இது துருவத்துக்குப் பக்கத்துல இருக்கிற நாடு. இங்க சூரியன் கொஞ்சம் வடக்காலதான் சுத்தும்"னு. சர்வேயர் பொண்ணுகிட்டச் சொல்றேன், பாருங்க என் தைரியத்தை. "அப்படியாங்க?"ன்னா. டீ டம்ளருக்குள்ள மூஞ்சியை விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் குடிச்சா. தோள் எல்லாம் குலுங்குச்சு, டீ புரை ஏறிடுச்சுன்னு முதுகைத் தட்டி விட்டேன். பாவம், நம்பிட்டா.

மாமனார்கிட்டயும் போன்ல வடக்கு வாசல்னுதான் சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்கு என் திட்டம் இதுதான். அவரைச் சந்து வழியாவே கூட்டிட்டுப் போகணும். பெட்டியைக் குப்பைத் தொட்டிக்கு நடுவுல தள்ளிக்கிட்டு. பேசிக்கிட்டே போனா அவருக்கு யோசிக்க நேரம் இருக்காது. நாளைக்கு மழைன்னு போட்டிருக்கான், நாளான்னிக்கும் மழை. மூணு வாரம் மழையே பெஞ்சா தப்பிச்சேன். தெய்வம் இருக்குன்னா...

இருங்க, போன்ல ஏதோ சத்தம். மாமாதான். எங்க மூணு பேருக்கும் ஒரு குரூப் இருக்கு, அதுல பேசி அனுப்பியிருக்காரு. இறங்கிட்டார் போல. இந்த பஸ் சத்தத்துல கேக்காது, ஸ்பீக்கர்ல போடுறேன், ஒண்ணும் ரகசியமில்ல.

"மங்கை, அப்பா பேசறேம்மா. இறங்கியாச்சு, பெட்டிக்கு நிக்கிறேன். நீ ஒண்ணும் கவலப்படாத. நீ சொன்ன மாதிரி திசைமானிய மன்னார்குடியிலயே வச்சிட்டேன். மாப்ள எந்தப் பக்கமாக் கூட்டிட்டுப் போனாலும் ஒண்ணும் கேக்கமாட்டேன். அவரு வடக்குன்னா எனக்கும் வடக்குதான். அன்னைக்கு நீ படம் வரைஞ்சு அனுப்பி, அப்பா, முன்னாடி பூரா தெற்கு வெயிலு, எடுக்கட்டுமான்னு கேட்டப்ப எடும்மான்னு சொன்னவனே நாந்தானே. நாலு வருஷம் மூடி வச்சத நான் வந்தா ஒடைக்கப்போறேன்? அவருக்கு மனசு சங்கடப்படாமப் பாத்துக்குவோம். வச்சிடறேம்மா. இத எப்படி அனுப்..."

...

தப்பான எடத்துல போட்டுட்டாரு மனுஷன்.

ஒரு நிமிஷம் தம்பி.

அவதான் என்னை அங்க கொண்டு போய் நிறுத்தினா. கையைப் பிடிச்சு. இங்க நின்னு பாருங்கன்னு. அந்தக் கர்ட்டன்... கையைத் தூக்கி வில்லு மாதிரி போட்டாளே, அது கர்ட்டன் இல்ல. சூரியன் போற வழி.

சிரிங்க தம்பி, பரவாயில்ல, சிரிங்க. நானே சிரிக்கத்தான் பாக்குறேன். கர்சீப் இருக்கு, இருக்கு. நான் நாலு வருஷமா அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு பாசிக்கு உரம் போட்டுக்கிட்டு இருந்தேன். அவ எனக்குத் தெரியக் கூடாதுன்னு சூரியனையே வடக்க சுத்த விட்டுட்டா. எட்டு மாசம் என்னோட மல்லுக்கட்டாம, என் பைத்தியத்துக்குள்ளயே அவளுக்கு வேண்டிய வெயிலைக் கண்டுபிடிச்சு எடுத்துக்கிட்டா. எனக்குக் கோவம் வரணும்ல? வரல தம்பி. அவ ஊருக்குப் போயிடாம இருந்தாளே, அது போதும்னு இருக்கு.

பாருங்க, குரூப்ல மங்கை டைப் பண்றான்னு காட்டுது. நின்னுடுச்சு. மறுபடி பண்றா. நின்னுடுச்சு.

ஏர்போர்ட் வந்துடுச்சு. நீங்க இதுக்கப்புறமா? அந்தத் தெற்கு வீட்டைப் போய்ப் பாருங்க. கல்யாணம் ஆயிடுச்சா? ஆயிடுச்சுன்னா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க எங்க நிக்கச் சொல்றாங்களோ அங்க நில்லுங்க.

நான் மாமாவை முன்வாசல் வழியாவே கூட்டிட்டுப் போறேன். நம்பர் போட்ட கதவு வழியா. மல்லிச் செடி பக்கமா.

அட, இதைப் பாருங்க, சாவிக் கொத்து. இது சந்துக் கேட்டு, இது சைக்கிள், இது அடுப்படி. முன்வாசல் சாவியே என்கிட்ட இல்ல தம்பி. நாலு வருஷத்துல ஒரு தடவை கூட அந்த வழியா உள்ள போனதில்ல.

பரவாயில்ல. பெல் அடிக்கிறேன். அவ வந்து திறக்கட்டும்.